அம்மை குத்திய தழும்பு

போன மாதம் பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி, திண்ணையில் உட்கார்ந்து என் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோளுக்குக் கீழே ஒரு ரூபாய் அளவில் இரண்டு வட்டங்கள். நடுவில் குழி, சுற்றிலும் ஆரம் ஆரமாய்ச் சுருக்கம்.

"தாத்தா, பட்டாசு வெடிச்சிருச்சா?" என்று கேட்டாள்.

சிவகாசிப் பிள்ளைக்குத் தழும்பு என்றாலே தீக்காயம்தான். இது பட்டாசு இல்லை, அம்மை குத்தின தழும்பு என்றேன். அம்மைக்குக் குத்துவார்களா என்று சிரித்தாள். அவள் அப்பாவின் கையில் இந்த வட்டம் மெல்லிசாக உண்டு, அவள் கையில் இல்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்குள் ஒரு நோய் வந்திருந்த சுவடும், அதைத் தடுத்த சுவடும் சேர்ந்தே மறைந்துவிட்டன. இதைப் படிக்கும் நம் வயதுக்காரர்கள் ஒருமுறை சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வட்டத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதற்கு முன் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1958-இல் எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பத்து. சிவகாசியில் தீப்பெட்டி ஆபீஸ்களை நம்பி இருந்த தெருக்களில் எங்கள் தெருவும் ஒன்று. 1922-இல் இந்த ஊர்க்காரர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து அடுத்த வருடம் இங்கே தொடங்கினார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்தத் தொழில் எங்கள் வீட்டுக்குள் வந்தது காகிதமும் பசையுமாக. அம்மாவும் அக்காவும் வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டுவார்கள். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. குரோஸ் கணக்கில்தான் கூலி. அய்யா விருதுநகரில் ஒரு வத்தல் மண்டியில் சிப்பம் தைத்துக்கொண்டிருந்தார், வாரத்துக்கு ஒருமுறை வருவார்.

அந்த வருடம் தை மாதத்தில் அம்மை குத்துகிறவர் தெருவுக்கு வந்தார். காக்கி அரைக்கால் சட்டை, கையில் தகரப் பெட்டி. அவர் தெருமுனையில் தென்பட்டதுமே செய்தி பரவிவிடும். பிள்ளைகளைப் பரணில் ஏற்றுவார்கள், குலுக்கைக்குப் பின்னால் தள்ளுவார்கள். எங்களை அம்மா பெட்டிக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார வைத்து மேலே சாக்கைப் போட்டு மூடினாள். பசை வாடை மூக்கில் ஏற, அக்கா என் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது இன்றும் நினைவிருக்கிறது.

பிள்ளைகளை ஒளித்தவர்களை விவரமில்லாத ஜனங்கள் என்று பிறகு புத்தகங்களில் எழுதினார்கள். அம்மா விவரமில்லாதவள் இல்லை, அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. குத்தினால் கை வீங்கும், நெறி கட்டும், நாலைந்து நாள் காய்ச்சல் அடிக்கும். அப்போது இருந்த கருவி ஒரு வட்டத் தகட்டில் முள் முள்ளாய் இருக்கும். தோலில் ஒரு சொட்டு மருந்தை வைத்து அந்தத் தகட்டை அழுத்தித் திருகுவார்கள். ரத்தம் கசியும். இரட்டை முனை ஊசியெல்லாம் 1960-களின் கடைசியில் வந்தது. பத்து வயதுப் பெண்ணுக்குக் கை வீங்கினால் ஒரு வாரம் பெட்டி ஒட்ட முடியாது. வாங்கின முன்பணத்துக்குக் கட்டுகளைக் கொடுத்தாக வேண்டும். பொங்கல் கழியட்டும் என்று நினைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

பங்குனியில் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் நெற்றியில் முத்து தெரிந்தது. அம்மா வாசலில் வேப்பிலை செருகினாள். வீட்டில் தாளிப்பு நின்றது. பக்கத்து வீட்டு ஆச்சி வந்து எட்டிப் பார்த்து, "ஆத்தா எறங்கியிருக்கா, யாரும் பேர் சொல்லிப் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் அக்காவும் ஒரே பாயில்தான் படுப்போம். பிரித்துப் படுக்க வைக்க எங்கள் வீட்டில் இன்னோர் அறை கிடையாது.

முத்து கண்ட இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, யார் சொல்லித் தெரிந்ததோ, அந்தத் தகரப் பெட்டிக்காரர் திரும்ப வந்தார். இந்த முறை அம்மா ஒளிக்கவில்லை. அவர் அக்காவைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துத் திருகினார். நான் அலறினேன். "இவன் தப்பிச்சிருவான் தாயி" என்று அம்மாவிடம் சொன்னார். அக்காவைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் அக்கா போய்விட்டாள்.

எனக்கு வரவில்லை. கையில் குத்தின இடம் கொப்பளித்து, சீழ் வைத்து, பொருக்குத் தட்டி, மூன்று வாரத்தில் உதிர்ந்து இந்த வட்டங்கள் மிஞ்சின.

அதற்குப் பிறகு அம்மா என்னிடம் பல தடவை ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். "ஏய்யா, ஒரே பாயிலதான கெடந்தீங்க. அவள எடுத்துக்கிட்டவ ஒன்ன ஏன் விட்டா?" நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோதும் கேட்டாள், கல்லூரியில் விலங்கியல் படித்தபோதும் கேட்டாள். அரசுப் பள்ளியில் உயிரியல் ஆசிரியரான பிறகும் கேட்டாள். "ஆத்தா கருணைம்மா" என்பேன். அவளும் தலையை ஆட்டிக்கொள்வாள்.

உண்மையான பதில் எனக்குத் தெரியாமல் இல்லை, சொல்லத்தான் தைரியம் வரவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது அந்தக் கிருமியைப் பார்ப்போம். பார்ப்போம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன், மனிதன் அதைப் பார்க்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

எட்வர்ட் ஜென்னர் 1796-இல் பசு அம்மைப் பாலைக் குத்திப் பெரியம்மையைத் தடுக்கலாம் என்று காட்டியபோது, எதைக் குத்துகிறோம் என்பது அவருக்கே தெரியாது. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்குக் குத்தியதுதான் இந்தியாவின் முதல் அம்மை குத்தல். அந்தக் குழந்தையின் கொப்பளத்திலிருந்து இன்னொரு குழந்தைக்கு, அங்கிருந்து மற்றொரு குழந்தைக்கு என்று கை மாற்றிக் கை மாற்றி அதே வருடம் சென்னைக்கும் மருந்து வந்து சேர்ந்தது. 1899-இல் கிண்டியில் கிங் நிலையம் தொடங்கினார்கள். கிங் என்பது அரசரைக் குறிப்பதில்லை, சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங் என்பவரின் பெயர். அங்கே கன்றுகளின் தோலில் அம்மைப் பாலை வளர்த்து மாகாணம் முழுவதற்கும் அனுப்பினார்கள். இவ்வளவு நடந்தும் கிருமியின் முகத்தை யாரும் தெளிவாகப் பார்த்தபாடில்லை.

காரணம் வெளிச்சம். சாதாரண மைக்ராஸ்கோப் எவ்வளவு நல்ல கண்ணாடி போட்டாலும் ஒரு மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இருப்பதைப் பிரித்துக் காட்டாது. ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் அபே 1873-இல் இந்த எல்லையைக் கணக்குப் போட்டுச் சொன்னார். கோலப்பொடியைக் கையுறை போட்டுக்கொண்டு எடுத்தால் மெல்லிய கோடு விழாது அல்லவா, அதுபோல வெளிச்சத்தின் அலைக்கு ஒரு தடிமன் இருக்கிறது. பெரும்பாலான வைரஸ்கள் அந்தத் தடிமனைவிடச் சின்னவை. பெரியம்மை வைரஸ் மட்டும் தன் இனத்தில் பூதம். நீளம் சுமார் 300 நானோமீட்டர். மூவாயிரத்துச் சொச்சத்தை வரிசையாக நிறுத்தினால் ஒரு மில்லிமீட்டர். அதனால் அது எல்லைக் கோட்டின் மேலேயே நின்றது. எடின்பரோவில் ஜான் பூயிஸ்ட் 1886-இல் அம்மைப் பாலுக்குச் சாயம் போட்டுப் பார்த்தபோது பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிந்தன. 1906-இல் ஹாம்பர்க்கில் என்ரிக் பாஷென் அதே புள்ளிகளைத் திரும்பக் கண்டு, இதுதான் கிருமி என்றார். ஆனால் தெரிந்தது புள்ளிதான், முகமில்லை.

முகத்தைக் காட்டியது எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப். வெளிச்சத்துக்குப் பதிலாக எலெக்ட்ரான் கற்றை, கண்ணாடி வில்லைக்குப் பதிலாகக் காந்தச் சுருள். 1931-இல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ரஸ்காவும் மாக்ஸ் நோலும் முதல் கருவியைச் செய்தார்கள். எர்ன்ஸ்டின் தம்பி ஹெல்முட் ரஸ்கா டாக்டர். அண்ணன் செய்த கருவியை வைத்துத் தம்பி கிருமியைப் பார்க்கலாம் என்று பிடிவாதமாக நின்றார். 1938-இல் அவர்கள் வெளியிட்ட முதல் வைரஸ் படங்களில் இருந்தது எலிகளுக்கு வரும் அம்மை வைரஸ். பெரியம்மையின் ஒன்றுவிட்ட உறவு அது. அண்ணனுக்கு நோபல் பரிசு 1986-இல்தான் கிடைத்தது. தம்பி அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

நம் நாட்டில் 1940-களிலேயே கல்கத்தாவில் மேக்நாத் சாஹாவின் ஊக்கத்தில் என். என். தாஸ்குப்தா ஓர் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பைக் கட்டினார். நம் ஊர்க்காரர்கள் தீக்குச்சி செய்யக் கற்று வந்த அதே கல்கத்தா.

அந்தக் கருவியில் பெரியம்மை வைரஸ் ஒரு செங்கல்லைப் போலத் தெரிந்தது. சின்னம்மையின் வைரஸோ உருண்டை. நோயாளியின் கொப்பளத்து நீரில் ஒரு துளி போதும், செங்கல்லா உருண்டையா என்று பார்த்துப் பெரியம்மையா சின்னம்மையா என்று சொல்லிவிடலாம். 1948 வாக்கிலேயே மேல்நாடுகளில் இப்படிக் கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் தெரு ஆச்சிக்கு அந்தக் கருவி தேவைப்படவில்லை. முகத்திலும் உள்ளங்கையிலும் முத்து நெருக்கமாக இருந்தால் பெரியது, நெஞ்சிலும் முதுகிலும் கூடுதலாக இருந்தால் சின்னது என்று கண்ணாலேயே சொல்வார். டாக்டர்களின் புத்தகத்திலும் அதே அடையாளம்தான் இருந்தது.

எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு ஒரு குறை உண்டு. பொருளைக் காற்றில்லாத குழாய்க்குள் வைக்க வேண்டும், காய வைத்து உலோக உப்புச் சாயம் ஏற்ற வேண்டும். உயிருள்ள எதுவும் அதில் தங்காது. கிடைப்பது செத்த படம். திருவிழாக் கூட்டத்தை ஒரே ஒரு போட்டோவாக எடுத்தால் யார் எங்கிருந்து வந்தார், எங்கே போகிறார் என்று தெரியுமா? அப்படித்தான். 1970-களில் எடுத்த படங்களில், அம்மை வைரஸ் புகுந்த செல்லின் மேற்பரப்பில் விரல் விரலாய் நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு வைரஸ். அந்த விரல் வைரஸைத் தாங்கி நிற்கிறதா, தள்ளுகிறதா என்று போட்டோவில் எப்படிச் சொல்ல முடியும்?

அதற்கு உயிருள்ள செல்லைப் படம் எடுக்க வேண்டியிருந்தது. 1995-இல் ஹைடல்பர்க்கில் சாலி கட்மோர், மைக்கேல் வே முதலியவர்கள், பாரிஸின் பாஸ்கல் கொஸ்ஸாருடன் சேர்ந்து அதைச் செய்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது வாக்சினியா, அதாவது நம் கையில் குத்திய அதே தடுப்பு மருந்து வைரஸ். நிஜமான பெரியம்மை வைரஸை யாரும் தொட முடியாது. இன்று அது அமெரிக்காவில் அட்லாண்டாவிலும் ரஷ்யாவில் கோல்ட்சோவோவிலும் மட்டும் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

அவர்கள் கண்டது இது. நம் செல்லுக்குள் ஆக்டின் என்று ஒரு புரதம் உண்டு. தசையிலும் அதுதான் இருக்கிறது. செல்லுக்கு உருவம் கொடுக்கும் சாரம் மாதிரி. வெளியே வந்து செல்லின் தோல்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் வைரஸ், தனக்கு நேர் கீழே உள்பக்கத்தில் அந்த ஆக்டினை இழை இழையாகச் சேர வைக்கிறது. இழை நீள நீள, வைரஸ் முன்னால் தள்ளப்படுகிறது. பின்னால் வால் நீள்கிறது. நிமிடத்துக்குச் சுமார் மூன்று மைக்ரான் வேகம். தன் நீளத்தைப் போல் பத்து மடங்கு தூரத்தை ஒரு நிமிடத்தில் கடக்கிறது.

நம் ஊர்ப் பிள்ளை எதுவும் அதைப் பார்த்த உடனே ராக்கெட் என்று சொல்லிவிடும். தலையில் சரக்கு, பின்னால் வால். ஒரு வித்தியாசம் உண்டு. நம் ராக்கெட் தன் கரிமருந்தைத் தானே சுமந்துகொண்டு போகிறது. வைரஸிடம் மருந்தே கிடையாது. புகுந்த வீட்டுச் சாமானை எடுத்துத் தனக்கு வால் செய்து, அடுத்த வீட்டுக்குப் பாய்கிறது.

அப்புறம் நிறம் வந்தது. பச்சை மத்தாப்புக்குப் பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம் என்று நமக்குத் தெரியும். வைரஸை எரிக்காமல் ஒளிர வைக்க ஒரு ஜெல்லிமீன் உதவியது. அதன் உடம்பிலிருந்து பச்சையாக ஒளிரும் புரதத்தை 1962-இல் ஒசாமு ஷிமோமுரா பிரித்தெடுத்தார். மார்ட்டின் சால்ஃபியும் ரோஜர் சியெனும் அதை எந்தச் செல்லுக்குள்ளும் விளக்காக வைக்க வழி செய்தார்கள். மூவருக்கும் 2008-இல் நோபல் பரிசு. அந்த விளக்கை வைரஸின் முதுகில் ஏற்றிவிட்டால், இருட்டில் மின்மினி போவதைப் பார்ப்பதுபோல் அது செல்லுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

2010-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜெஃப்ரி ஸ்மித்தின் குழு அப்படிப் பார்த்தது. அவர்களுக்கு ஒரு கணக்கு இடித்தது. ஒரு வைரஸ் செல்லுக்குள் புகுந்து, பெருகி, அதன் பிள்ளைகள் வெளியே வர ஐந்தாறு மணி நேரமாகும். சரவெடியில் ஒரு வெடி வெடித்த பிறகுதான் அடுத்ததற்குத் திரி போகிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்தாறு மணிக்கு ஒரு செல் என்ற வேகத்தில்தான் நோய் பரவ வேண்டும். கண்ணாடித் தட்டில் பரவியதோ ஒன்றேகால் மணிக்கு ஒரு செல். நான்கு மடங்குக்கும் மேல். எப்படி?

நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் விடை இருக்கிறது. இருக்கன்குடிக்கு ஆடிக் கடைசி வெள்ளிக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அந்த வேலையைத்தான் வைரஸ் செய்கிறது. செல்லுக்குள் புகுந்த உடனே, பெருகுவதற்கு ரொம்ப முன்னாலேயே, இரண்டு புரதங்களைச் செய்வித்துச் செல்லின் வெளித்தோலில் நிறுத்திவிடுகிறது. அது துண்டு. பின்னால் வருகிற இன்னொரு வைரஸ் அந்தச் செல்லில் வந்து ஒட்டினால், துண்டு கிடப்பது தெரிந்துவிடும். உடனே அடியில் ஆக்டின் வால் முளைத்து, வந்த வைரஸைத் தூக்கி எறிகிறது. அது போய் விழுகிற இடத்திலும் துண்டு இருந்தால் மறுபடி எறியப்படும். துண்டு போடாத செல் கிடைக்கும் வரை இப்படியே தாவித் தாவிப் போகிறது. அதனால் ஏற்கெனவே பிடித்த வீட்டில் நேரத்தை வீணாக்காமல் கூட்டத்தின் ஓரத்துக்கு முதலில் போய்ச் சேர்கிறது. அந்தப் புரதங்களைச் சீக்கிரமே செய்ய முடியாதபடி வைரஸை மாற்றிப் பார்த்தார்கள். பரவல் மந்தமாகிவிட்டது.

நான் இதைப் படித்தது பத்து வருடம் கழித்து, 2020 ஊரடங்கில். பட்டாசு ஆலைகள் பூட்டிக் கிடந்த அந்த நாட்களில், புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிலையத்தார் கேரளத்தின் முதல் நோயாளியின் தொண்டைச் சளியிலிருந்து எடுத்த கொரோனா வைரஸின் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் படம் பத்திரிகைகளில் வந்தது. 75 நானோமீட்டர் உருண்டை, சுற்றிலும் முளைகள். அதைப் பார்த்துவிட்டு மற்ற வைரஸ்களைப் பற்றித் தேடப் போனவன் இந்த அம்மை வைரஸின் சினிமாவில் வந்து மாட்டிக்கொண்டேன். மகன் போனில் போட்டுக் காட்டினான். கறுப்புத் திரையில் பச்சைப் புள்ளிகள் சிதறி ஓடின. நான் சட்டைக் கையை மடக்கி என் தழும்பையும் பார்த்துக்கொண்டேன். 1958 பங்குனியில் இந்தத் தோலுக்குள் இதுதான் நடந்திருக்கிறது. மூன்றாம் நாள் தடித்து, ஐந்தாம் நாள் நீர் கோத்து, எட்டாம் நாளில் ஒரு ரூபாய் அகலத்துக்கு விரிந்த கொப்பளம், செல் செல்லாகத் துண்டு போட்டுக்கொண்டு போன இந்தக் கூட்டத்தின் வேலை.

இனி அம்மாவின் கேள்வி. எனக்கு ஏன் வரவில்லை?

பெரியம்மைக் கிருமி மூச்சு வழியாகப் போய், உடம்புக்குள் சத்தமில்லாமல் பெருகி, வெளியே தெரியச் சுமார் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். தடுப்பு வைரஸை நேரே தோலில் வைத்துவிட்டால் அது முதல் நாளே வேலையைத் தொடங்கும். எட்டு, பத்து நாளில் உடம்பு எதிர்ப்பைக் கட்டி எழுப்பிவிடும். இரண்டும் உறவுக்காரக் கிருமிகள், ஒன்றைத் தெரிந்துகொண்ட உடம்புக்கு மற்றொன்றும் தெரியும். அதனால் நோயாளியோடு பழகி மூன்று நாலு நாளுக்குள் குத்திக்கொண்டால் பெரும்பாலும் தப்பிவிடலாம். பின்னால் புறப்பட்டு முன்னால் போய்ச் சேருகிற எக்ஸ்பிரஸ் மாதிரி. அந்தத் தகரப் பெட்டிக்காரர் "தப்பிச்சிருவான்" என்று சொன்னது ஆறுதலுக்கு இல்லை, அனுபவக் கணக்கு.

சென்னைத் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ் இந்தக் கணக்கை எழுத்தில் வைத்தவர். அவர் எழுதி 1972-இல் வந்த பெரியம்மைப் புத்தகத்தை உலகம் முழுவதும் மதிக்கிறார்கள். சென்னையில் நோய் கண்ட 254 குடும்பங்களை அவர் குழு ஆராய்ந்து 1968-இல் எழுதியது. அம்மை குத்தாத வீட்டார்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் நோய் தொற்றியிருந்தது. குத்திக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவுக்குத்தான். எலெக்ட்ரான் கருவியும் பச்சை விளக்கும் இல்லாமல், வீடு வீடாய்ப் போய்த் தலைகளை எண்ணிக் கண்ட உண்மை இது.

1962-இல் தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் வந்தது. தென் மாநிலங்களில் நோய் முன்னதாகவே அடங்கிவிட்டது. நாட்டின் கடைசி நோயாளி 1975 மே மாதம் அஸ்ஸாமின் கரீம்கஞ்சில் கண்டறியப்பட்டார். 1980 மே 8 அன்று உலகச் சுகாதார சபை பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தது. அன்று நான் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குக் கிருமிகள் பாடம் நடத்தியிருக்கிறேன். நன்றாகவே நடத்தினேன் என்று பழைய மாணவர்கள் இன்றும் சொல்வார்கள்.

அந்தப் பாடத்தை வீட்டில் மட்டும் நடத்தவில்லை. காரணம் இதுதான். ஆத்தா வந்து எடுத்துக்கொண்டாள் என்றால் அதில் யார் குற்றமும் இல்லை. வந்தது கிருமி, தடுக்க மருந்து இருந்தது, தைமாதம் வாசல் வரை வந்தது என்றால், சாக்கைப் போட்டு மூடின கை யாருடையது என்று கேட்க வேண்டிவரும். ஒரு வாரக் கூலிக்காக மகளை இழந்தாய் என்று எந்தப் பிள்ளை தாயிடம் சொல்லுவான்? அதனால் ஒவ்வொரு முறையும் ஆத்தா கருணை என்றே சொல்லி வந்தேன். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்குள் ஒரு நினைப்பு.

அம்மா 2006-இல் காலமானாள். அதற்கு ஒரு வருடம் முன், போலியோ சொட்டு மருந்து போடும் ஞாயிற்றுக்கிழமை. 1995-இல் அது தொடங்கியதிலிருந்து அம்மாவுக்கு அந்த நாள் திருவிழா மாதிரி. காலையில் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, தெருவில் உள்ள கைக்குழந்தைகளையெல்லாம் கணக்கெடுத்து, தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற தாய்மார்களிடமிருந்து பிள்ளைகளை வாங்கிக்கொண்டு முகாமுக்குப் போவாள். வர மறுக்கிற வீட்டு வாசலில் நின்று சண்டை பிடிப்பாள். கிழவிக்கு எதற்கு இந்த வேலை என்று தெருவில் கேலி செய்வார்கள். அந்த வருடம் நடக்க முடியவில்லை. என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போகச் சொன்னாள். முகாமில் வரிசை முடியும் வரை உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது வழியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"அந்தத் தையிலயே குத்த விட்டுருந்தா அவ இருந்திருப்பாய்யா. எனக்குத் தெரியும். நீ சொல்லுவ சொல்லுவன்னு பாத்தேன், நீ சொல்லவே இல்ல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நடந்தேன். நாற்பத்தேழு வருடமாக அவள் கேட்டது கேள்வி இல்லை. தெரிந்ததைத் தன்னோடு பங்குபோட்டுக்கொள்ள ஓர் ஆள் தேடியிருக்கிறாள். படித்த மகன் ஒவ்வொரு முறையும் அவளைத் தனியே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். யாரும் பாடம் நடத்தாமலே, அவளுக்குத் தெரிந்ததை வைத்து அவள் தெருவில் பத்து வருடம் பிள்ளைகளைச் சுமந்திருக்கிறாள்.

பேத்தியிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். அக்காவின் பெயரையும் சொன்னேன். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லி நெடுநாளாகிறது. போனில் அந்தப் பச்சைப் புள்ளிகள் ஓடுவதைப் பேத்திக்கும் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தாள். பிறகு என் தழும்பைத் தொட்டு, "வலிச்சுச்சா தாத்தா?" என்று கேட்டாள்.

வலித்தது என்றேன். அக்காவுக்கும் இந்த வலி கிடைத்திருக்க வேண்டும் என்றேன்.